பதினேழாம் நம்பர்ல ஒரு இருமல்

அனிமேன்னா இன்னான்னே தெரியாதுங்களா? நெசமாவா? சரி சரி, தெரியாதுன்னா தெரியாது, அதுக்கு எதுக்கு இவ்ளோ வேகமா தலைய ஆட்டறீங்க, கழுத்து சுளுக்கிக்கப் போவுது. சுளுக்கிச்சின்னா அப்பறம் நான்தான் எக்ஸ்ரே எடுக்கணும். ஐயோ, அந்த நாற்காலியில ஒக்காராதீங்க! அது மொட்ட மாடி வெயில்ல காஞ்சி காஞ்சி அப்பளமாட்டம் ஆயிடுச்சி. போன தடவ பொண்ணு பாக்க வந்தவரு அதுலதான் குந்துனாரு, அப்டியே மடங்கிப் போயி, பாவம், மூணு பேரு சேந்து தூக்கிவுட்டோம். இப்டி தண்ணித் தொட்டி திட்டுல ஒக்காருங்க. அதோ கோட்டமலை தெரியுதா? எங்க தியாகதுருகத்துல மாப்பிள்ள வூட்டுக்காரங்களுக்குக் காட்டறதுக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதான், நல்லா பாத்துக்குங்க.

பத்து நிமிசம் குடுத்திருக்காங்க நமக்கு. தனியா பேசிக்குங்கன்னு சொல்லிட்டு எங்க அத்த சாலம்மாள் படிக்கட்டுல நாலாவது படியில நின்னுகினு இருக்குது. எட்டிப் பாக்காதீங்க, பாத்தா அதுக்கு வெக்கமாப் பூடும். நான் பேசறது ஜாஸ்தின்னு இந்நேரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பயந்தாலும் எனக்கு இப்டித்தான், சந்தோசம்னாலும் இப்டித்தான். இப்ப ரெண்டும் இருக்குது. ஏன்னா ஒரு விசயம் சொல்லணும். அதக் கேக்காம நீங்க கீழ எறங்கிப் போயி, பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா, நான் உங்கள ஏமாத்தினதா ஆயிடும். கேட்டுட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா அது வேற, அதுக்கு நான் அழுதுக்கறேன். அதனால மொத்தத்தையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

இல்ல இல்ல, காதல் கீதல்லாம் இல்லிங்க, மூஞ்சி ஏன் அப்டிப் போவுது? காதல் இல்லன்னும் சொல்ல முடியாது. இருங்க, வரிசையா வர்றேன்.

கள்ளக்குறிச்சியில ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே எடுக்கறேன்னு உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. மூச்ச இழுத்துப் புடிங்க, ஆடாதீங்க, அவ்ளோதான், மூச்ச வுடுங்க. ஒரு நாளைக்கு எழுவது பேருகிட்ட இதத்தான் சொல்றேன். உங்களுக்குச் சொல்லாத விசயம், நான் ஒரு நடுவரு. பட்டிமன்றத்துக்கு இல்லிங்க! ஏஎம்வி போட்டிக்கு. ஜப்பான்காரன் படமா வரைஞ்சி எடுக்கறான்ல, பெரிய பெரிய கண்ணு, நீலத் தலமுடி, அதான் அனிமே. உங்களுக்குத்தான் தெரியாதே, அதனால சொல்றேன். அந்தப் படத்துல இருந்து துண்டு துண்டா வெட்டி எடுத்து, வேற ஒரு பாட்டுக்கு ஒட்டி, மூணு நிமிசத்துல புதுசா ஒரு கதையாக்கணும். மேளத்துல அடி வுழுறப்ப டக்குன்னு காட்சி மாறணும், முன்னப் போனாலும் தப்பு, பின்ன வந்தாலும் தப்பு. எங்க அம்மாவுக்கு இத வெளக்கறதுக்குள்ள என் தாவு தீந்துடுச்சி. கடைசில, ஓகோ, அடுத்தவன் துணிய வெட்டி நீ சட்ட தெச்சிக்கறதான்னு கேட்டுச்சி. அதேதாம்மா, ஆனா சட்ட நல்லா இருக்கணும்னு சொன்னேன்.

போன ஆடியிலதான் இந்தப் பக்கத்துலயே மொத மொத நடந்துச்சி. ஆடியில கல்யாணம் கெடையாதுல்ல, மண்டபம் சும்மா கெடக்கும். அன்புச்செல்வன் அண்ணன் காலேஜில கம்ப்யூட்டர் பாடம் எடுக்கறாரு, எல்லாம் அவரு ஏற்பாடு. முழங்கை எக்ஸ்ரேவுக்கு வந்தவரு, என் செல்போன் ஒறையில இருந்த படத்தப் பாத்துட்டு, அட நீயும் நம்ம ஆளான்னு கேட்டு, கை ஒடஞ்சத மறந்துட்டு அரமணி நேரம் பேசினாரு. அப்டித்தான் நான் நடுவரானேன். அந்த மண்டபத்த நீங்க பாத்திருக்கணும்! மேடையில யாரோ ரெண்டு பேரோட கல்யாணப் பேரு தெர்மாகோல்ல அப்டியே தொங்குது. கீழ நீலத் தல, செவப்புத் தல, வாலு வச்சது, கொம்பு வச்சதுன்னு முந்நூறு பேரு. உளுந்தூர்பேட்டை பஸ்ஸுல இருந்து புள்ளைங்க அலுமினியத் தாள் சுத்தின கத்தியோட எறங்கறாங்க. வாட்ச்மேன் பூமாலை எல்லாக் கத்தியும் புடுங்கி, செருப்பு வுடற எடத்துல டோக்கன் போட்டு வச்சிட்டாரு. ஒரு பொண்ணு முதுகுல றெக்கையோட சாப்பாட்டுப் பந்தியில திரும்பிச்சி, பக்கத்துல இருந்தவரு எலையில இருந்த அப்பளம் அந்தாண்ட போயி வுழுந்துச்சி. அன்னிக்கு முழுக்க நான் சிரிச்சிகினே இருந்தேன்.

நீங்க வரல இல்ல? தெரியும். அதாவது, அனிமேன்னா இன்னான்னே தெரியாதவரு எப்டி வந்திருப்பீங்க, அதச் சொன்னேன்.

அதுக்கு மூணு வாரம் முன்னாடியே நடுவருங்க ஒக்காந்து பாத்தாவணும். அன்பு அண்ணன், நான், உளுந்தூர்பேட்டையில பல் டாக்டரா இருக்கற அபிநயா அக்கா, மூணு பேரும். வந்தது நாப்பத்தோரு வீடியோ. பேரு கெடையாது, ஊரு கெடையாது, வெறும் நம்பருதான். இன்னார் பண்ணதுன்னு தெரிஞ்சா மனசு ஒரு பக்கமா சாயும்ல, அதுக்காவ. கீழ எழுத்து ஓடுதா, தள்ளு. மூலையில டிவிக்காரன் முத்திர தெரியுதா, தள்ளு. மிச்சத்துக்கு மார்க்கு. அதுல முக்காவாசி ஒரே சினிமாப் பாட்டு, ஒரே குத்து, ஒரே வெடி. பதினாறாவது முடியறப்ப அபிநயா அக்கா பல்லு வலிக்குதுன்னுச்சி. பல் டாக்டருக்கே!

அப்பறம் வந்துச்சி பதினேழு.

இன்னாங்க, தண்ணி வேணுமா? வேணாமா? சரி.

அது ஒரு சண்டப் படத்துல இருந்து எடுத்தது. ஒத்தக் கை வீரன் ஒருத்தன், ஊரையே வெட்டிச் சாய்க்கறவன். எல்லாரும் அந்த வெட்டுக்குத்தத்தான எடுப்பாங்க? பதினேழாம் நம்பரு ஒரு சண்டையக்கூட தொடல. ரெண்டு சண்டைக்கு நடுவுல அவன் சோறு துன்னுவான்ல, செருப்பத் தேடுவான்ல, ஒத்தக் கையால ஈரத்துணிய புழிய முடியாம பல்லுல கடிச்சிகினு முறுக்குவான்ல, யாரும் இல்லாத வூட்டுக்கு வந்து வெளக்கப் போடுவான்ல, அது மட்டுந்தான். மூணு நிமிசமும் அதேதான். பாட்டு இன்னா தெரியுமா? பாட்டே இல்ல. கோயில் திருவிழாவுல பேண்டு செட்டு வாசிக்கறத யாரோ செல்போன்ல புடிச்சிருக்காங்க. நம்ம பக்கத்து பேண்டு செட்டு! ட்ரம்பட்டு லேசா சுருதி வெலகிகினே போவும், அது ஒரு அழகு. நடுவுல ஒருத்தரு இருமறாரு. கொஹ் கொஹ் கொஹ்னு மூணு, கடைசில ஒரு இழுப்பு. வேற யாரா இருந்தாலும் அத வெட்டி எறிஞ்சிருப்பாங்க. இந்த ஆளு அத வச்சிருக்கறாரு. அந்த இருமலுக்கு, சோத்துல கைய வச்ச வீரன் சடக்குன்னு நிமிந்து வாசலப் பாக்கறான், யாராச்சும் வந்துட்டாங்களோன்னு. யாரும் வர்ல. மறுபடியும் குனிஞ்சி துன்றான்.

அங்கியே நான் காலிங்க. இவ்ளோ பெரிய சண்டப் படத்துல, இவன் தனியா சோறு துன்றானேன்னு பாத்த மனுசன் யாருடான்னு இருந்துச்சி.

ஆனா கூத்தக் கேளுங்க, எல்லாம் லேட்டு! மேளம் அடிச்சி முடிஞ்சப்பறம் காட்சி மாறுது. இருமல் வந்து போனப்பறம் இவன் நிமிந்து பாக்கறான். அன்பு அண்ணன் தலையில அடிச்சிகினாரு. வெட்டுக்கு நானும் பத்துக்கு ரெண்டு மார்க்குதான் போட்டேன். ஆமாங்க, நான்தான், இந்தக் கையாலதான். கதைக்கு மட்டும் பத்துக்குப் பத்து. அபிநயா அக்காவும் கதைக்கு அள்ளிப் போட்டுச்சா, மண்டபத்துல போட்டுக் காட்ட எடுத்த பன்னெண்டு வீடியோவுல அது கடைசியா தொத்திக்கிச்சி.

எனக்கு மனசு ஆறல. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எக்ஸ்ரே ரூமு கதவ சாத்திகினு, அத ஃப்ரேம் ஃப்ரேமா நகத்திப் பாத்தேன். ஒரு நொடிக்கு இருவத்தி நாலு படம் ஓடும், அதுல ஒரு படம் ஒரு ஃப்ரேம். மொத வெட்டு, ஆறு ஃப்ரேம் லேட்டு. ரெண்டாவது, ஆறு. மூணாவது, ஆறு. மொத்தம் நூத்திப் பன்னெண்டு வெட்டு, நூத்திப் பன்னெண்டும் ஆறு. கை தவறினா ஒண்ணு ரெண்டா இருக்கும், இன்னொண்ணு ஒம்போதா இருக்கும். இப்டி அளந்து வச்ச மாதிரி தப்ப முடியாதுங்க. எங்க வேலையில ஒண்ணு உண்டு, ஒரு கை எலும்புல கோடு தெரிஞ்சா ஒடனே முறிவுன்னு சொல்லிடக் கூடாது, அந்தாண்ட கையையும் எடுத்துப் பாக்கணும். அதுலயும் அதே எடத்துல அதே கோடு இருந்தா அது முறிவு இல்ல, அந்த ஆளே அப்டித்தான். இந்த வீடியோவும் அப்டித்தான். சத்தத்த மட்டும் ஆறு ஃப்ரேம் தள்ளி வச்சி ஓட வுட்டேன். அம்மாடி! ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு காட்சி ஆணி அடிச்ச மாதிரி வந்து ஒக்காருது. இருமறாரு, இவன் நிமிர்றான். இருமறாரு, நிமிர்றான். வெளிய காலு ஒடஞ்ச ஒரு பெரியவரு கதவத் தட்டிகினு இருக்கறாரு, உள்ள நான் அழுதுகினு இருக்கறேன்.

அப்பதான் வெளங்கிச்சி. இந்த ஆளு ப்ளூடூத் ஸ்பீக்கர வச்சிகினு வெட்டியிருக்கறாரு! ப்ளூடூத்துல சத்தம் கால் நொடி தாமசமா வந்து சேரும். அவரு காதுக்கு எப்ப கேட்டுச்சோ அப்ப வெட்டியிருக்கறாரு. அவரு ரூமுல அது அச்சு பெசகாம இருந்திருக்கும். ஒலகத்துலயே அந்த ஒரு ரூமுல மட்டும். நெனச்சாலே எனக்கு சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

இதோ! கேட்டீங்களா? கீழ. கொஹ் கொஹ் கொஹ், அப்பறம் ஒரு இழுப்பு. உங்க மாமா தங்கதுரை தான அது? காலையில வேன்ல இருந்து எறங்கினதும் எங்க வாசல்ல நின்னு இருமினாரு பாருங்க, உள்ள காப்பித் தட்டோட நான் சடக்குன்னு நிமிந்துட்டேன். அந்த இருமலு எனக்கு மனப்பாடங்க, எரநூறு தடவையாச்சும் கேட்டிருப்பேன். இப்ப சொல்லுங்க போஸ்ட் மாஸ்டர் சார். அனிமேன்னா இன்னான்னு தெரியுமா, தெரியாதா?

ஐயோ, எழுந்திரிக்காதீங்க, ஒக்காருங்க, அத்த பாத்துடப் போவுது. இன்னாது? உங்க அம்மாவுக்குத் தெரியாதா? முப்பது வயசுல கார்ட்டூனு பாக்கறான்னு தெரிஞ்சா யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பயந்துட்டீங்களா? கடவுளே! எங்கிட்ட வந்து இதச் சொல்றீங்களே! இருங்க, சிரிச்சி முடிச்சிடறேன். ப்ளூடூத்துதான? லாப்டாப்புல ஒயரு சொருகற ஓட்ட ஒடஞ்சி போச்சா? நெனச்சேன். நீங்க வேல பாக்கற மலை மேல தபாலாபீஸுக்குப் பின்னாடி ரூமு, சனி ஞாயிறு சொந்த ஊரு வடக்கனந்தல் வர்றப்பக்கூட லாப்டாப்ப அங்கியே வுட்டுட்டு வந்துடுவீங்க, வூட்ல யாரும் பாத்துடக் கூடாதுன்னு. சரியா சொல்றனா? எலும்பப் பாக்கற கண்ணுங்க இது.

சிரிச்சது போதும். இனிமேதான் விசயமே. முந்தி சொன்னன்ல, கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னு, அது.

ப்ளூடூத்துன்னு கண்டுபுடிச்ச அன்னிக்கே அன்பு அண்ணன்கிட்ட ஓடினேன். மார்க்க மாத்தலாம்ணா, இது தப்பில்லன்னேன். அவரு சொன்னது நாயந்தான். வந்த வீடியோவ வந்த மாதிரிதான் பாக்கணும், நடுவரு அதுல கைய வைக்கக் கூடாது, ஒருத்தருக்கு சரி பண்ணா நாப்பது பேருக்கும் பண்ணணும்ன்னாரு. சரின்னு வந்துட்டேன். போட்டி அன்னிக்கு மண்டபத்துல லாப்டாப்புல வீடியோ ஓட வுடற வேலையும் என்னுது. நடுவருங்க பரிசெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சி, மிச்சம் இருந்தது சனங்க கைதட்டிக் குடுக்கற கப்பு ஒண்ணுதான். பதினோரு வீடியோ ஓடிச்சி. அன்பு அண்ணன் டீ குடிக்க வெளிய போனாரு. கடைசி பதினேழு. சத்தத்த தள்ளி வைக்கறதுக்கு ஒரு கீ இருக்குதுங்க, ஒரு தட்டு தட்டினா நொடியில இருவதுல ஒரு பங்கு தள்ளும். அஞ்சு தட்டு தட்டினேன். கால் நொடி, ஆறு ஃப்ரேமும் சரியாப் போச்சி.

அப்பறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. இல்ல, தெரியாது, நீங்கதான் வரலியே! லீவு கெடைக்கலியா? வந்திருந்தா பாத்திருப்பீங்க. இருமலுக்கு அவன் நிமிந்தான் பாருங்க, முந்நூறு பேரும் சேந்து சிரிச்சாங்க. அவன் மறுபடி குனிஞ்சப்ப ஒருத்தரும் சிரிக்கல. கொம்பு வச்ச பையன் ஒருத்தன் கொம்பக் கழட்டிட்டு கண்ணத் தொடச்சான். கடைசியா அவன் வெளக்கப் போட்டதும் அடிச்சாங்க பாருங்க கைதட்டு, தெர்மாகோலு பேருல ஒரு எழுத்து கீழ வுழுந்துடுச்சி. கப்பு பதினேழுக்குன்னுட்டாங்க. பேரு வச்சி ஒட்டியிருந்த ஒறையப் பிரிச்சிப் படிச்சாங்க, இளமாறன், ஆளு வர்ல. அப்ப பார்சல் கட்டினது நான்தான். உங்க தபாலாபீஸுக்கே வந்து, நீங்களே முத்திர குத்தி, நீங்களே உங்களுக்குப் பட்டுவாடா பண்ணிகினு இருப்பீங்கன்னு நெனச்சி நெனச்சி ஒரு வாரம் சிரிச்சேன். கூடவே உங்க ஆதார் ஜெராக்ஸும் ஒறையில இருந்துச்சி. அந்தப் போட்டோவப் பாத்தும் எனக்கு மனசு மாறலைன்னா யோசிச்சிப் பாத்துக்குங்க.

இன்னாங்க, கோட்டமலையையே பாத்துகினு இருக்கறீங்க?

சரிங்க, கோவமா இருந்தா கோவப்படுங்க. அந்தக் கப்பு நான் கள்ளத்தனமா தட்டின அஞ்சு தட்டுல வந்தது. உங்களுக்குத் தெரியாம, உங்கள ஒரு வார்த்த கேக்காம. இது தெரியாம நீங்க என்னக் கட்டிகினீங்கன்னா, வூட்ல அந்தக் கப்பத் தொடைக்கறப்பல்லாம் எனக்குக் குத்தும். அதனாலதான் இன்னிக்கே சொல்லிடணும்னு இருந்தேன். இது வரைக்கும் யாருக்கும் சொல்லல, எங்க அம்மாவுக்குக்கூட.

இன்னா சொல்றீங்க? திருப்பிக் குடுத்துடணுமா? கப்பயா?

அப்பாடா! இல்ல, நான் ஏன் சிரிக்கறேன்னா, நீங்க இதத்தான் சொல்லணும்னு வேண்டிகினு இருந்தேன். போனாப் போவுதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு ஒரு மாதிரி ஆயிருக்கும். குடுத்துடலாம். நான் தட்டினத நானே அன்பு அண்ணன்கிட்ட சொல்றேன், நீங்க பக்கத்துல நின்னா போதும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கப்பத் திருப்பிக் குடுக்கலாம், அந்தக் கைதட்ட எப்டிங்க திருப்பிக் குடுப்பீங்க? அது நான் பண்ணது இல்ல. உங்க ரூமுல நீங்க ஒரு ஆளு மட்டும் பாத்தத முந்நூறு பேரு பாத்தாங்க, அவ்ளோதான். அது உங்களுது.

வர்றேன் அத்த! ரெண்டு நிமிசம்! முடிஞ்சிடுச்சி!

இந்த வருசமா? இல்லிங்க, இந்த ஆடிக்கு நான் லாப்டாப்பு பக்கமே போவ மாட்டேன். நடுவரும் இல்ல. யாரும் தூக்கல, நானேதான் வெலகிட்டேன். இந்த வாட்டி நடுவருங்களுக்கு ஒரு ஃபாரம் குடுத்தாங்க. போட்டியில சேந்தவங்க பேரு மட்டும் வரிசையா இருக்கும், எந்தப் பேருக்கு எந்த நம்பருன்னு இருக்காது. இதுல யாராச்சும் உனக்கு சொந்தமா, சொந்தம்னா இன்னா மொறன்னு கேட்டு ஒரு கட்டம். சொந்தம் இருந்தா நடுவரா இருக்கக் கூடாது. நீங்க மறுபடியும் அனுப்பியிருந்தீங்கல்ல, உங்க பேரு ஒம்போதாவதா இருந்துச்சி. நேரா இருந்த கட்டத்துல வூட்டுக்காரருன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

எப்பவா? சித்திர மாசம்.

ஆமா, எங்க தரகரு உங்க வூட்டுக்கு வந்தது வைகாசி கடைசிலதான். அவருக்கு வடக்கனந்தல்ல உங்க வூட்டுக்கு வழி சொன்னது யாருன்னு நெனச்சீங்க? சரி எழுந்திரிங்க, அத்த மேல ஏறி வருது, முதுகுல சுண்ணாம்பு ஒட்டிகினு இருக்குது, தட்டிக்குங்க. நீங்க முன்னாடி போங்க. போயி அவங்ககிட்ட இன்னா சொல்லணும்னு தோணுதோ சொல்லுங்க. என்ன ஃபாரத்துல பொய் எழுதிக் குடுத்தவளா மட்டும் ஆக்கிடாதீங்க.